இழுத்தால் வராது, உள்ளே தள்ளிப் பாருங்கள்

கேள்வி: ஏற்காட்டில் நாகலூர் பக்கம் எங்களுக்குக் காபித் தோட்டம். பழைய ஜீப்பின் இடது ஹெட்லைட் மங்கலாக எரிகிறது. பல்பு மாற்றியும் அப்படியேதான். சாக்கெட்டைக் கழற்றிப் பார்த்தால் ஒரு பின் கருகியிருக்கிறது. புது சாக்கெட்டும் பின்களும் வாங்கிவிட்டேன். பழையதிலிருந்து வயர்தான் எவ்வளவு இழுத்தாலும் வரவில்லை. வெட்டி, முறுக்கி, டேப் சுற்றிவிடலாமா அண்ணே?

வேண்டாம் தம்பி. சேலத்து வெயிலில் டேப்பின் பசை இளகும். மலைமேல் மூடுபனியில் அதற்குள் ஈரம் புகுந்து செம்பு பச்சை பூக்கும். உங்கள் ஜீப் 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்கி இரண்டையும் வாங்கிக்கொள்கிறது. இப்போது பின் கருகியதும் இதே கதையாகத்தான் இருக்கும். 12 வோல்ட்டில் 60 வாட் பல்பு 5 ஆம்பியர் இழுக்கும். பின்னில் துரு ஏறியோ பிடி தளர்ந்தோ 0.1 ஓம் தடை வந்தாலே அந்த இத்துனூண்டு இடத்தில் இரண்டரை வாட் சூடு. பிளாஸ்டிக் எத்தனை நாள் தாங்கும்?

சரி, வயர் ஏன் வரவில்லை? அது இறுகிப்போய் நிற்கவில்லை, பூட்டிக்கொண்டு நிற்கிறது. வயர் நுனியிலுள்ள பித்தளைப் பின்னின் முதுகில் ஒரு சின்ன நாக்கு நிமிர்ந்திருக்கும். பின்னைச் சொருகும்போது நாக்கு படுத்துக்கொண்டு உள்ளே போகும். போனதும் எழுந்து பிளாஸ்டிக் படியில் மாட்டிக்கொள்ளும். நீங்கள் இழுக்க இழுக்க அது இன்னும் அழுத்தமாகத்தான் மாட்டும். தொழில் பழகிய காலத்தில் நானும் பலம் போட்டு இழுத்திருக்கிறேன். வயர் வந்தது, பின் வரவில்லை.

முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். எந்த வயர் எந்தத் துளையில் என்று போனில் ஒரு படம் எடுங்கள். பல்பு சொருகும் பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால், பின்னின் தட்டையான பக்கத்தை ஒட்டி ஒரு சந்து தெரியும். அதில் நுழைய மெல்லிய தட்டைக் கம்பி வேண்டும். கடிகாரக் கடை ஸ்க்ரூடிரைவர் போதும். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வேலை செய்யும் நண்பர் கொடுத்த கம்பியைத்தான் நான் வைத்திருக்கிறேன், நுனியை அரத்தால் தட்டையாக்கி. பத்து வருஷமாக இதே கம்பிதான்.

இப்போது வயரைப் பின்னாலிருந்து ஒரு மில்லிமீட்டர் உள்ளே தள்ளுங்கள். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். தள்ளினால் நாக்கின் மேலிருக்கும் அழுத்தம் விலகும். அப்படியே பிடித்துக்கொண்டு, கம்பியைச் சந்தில் விட்டு நாக்கை அமுக்குங்கள். பிறகு வயரை மெல்ல இழுத்தால் தானாக வழுக்கிக்கொண்டு வரும். வரவில்லையென்றால் பலம் போடாதீர்கள்; கம்பி நாக்கின் மேல் உட்காரவில்லை என்று பொருள்.

கருகிய பின் மட்டும் உருகிய பிளாஸ்டிக்கோடு ஒட்டியிருக்கலாம். அதனோடு மல்லுக்கட்ட வேண்டாம். பழைய சாக்கெட் எப்படியும் குப்பைக்குத்தான், கட்டிங் பிளேயரால் அதையே நறுக்கிப் பிரித்துவிடுங்கள். அந்த வயரை மட்டும், செம்பு பளபளவென்று தெரியும் இடம் வரை வெட்டிவிட்டுப் புதுப் பின் போடுங்கள். பின்னில் இரண்டு ஜோடி காதுகள் இருக்கும்: ஒன்று செம்பை இறுக்க, மற்றது மேலுறையைப் பிடிக்க. இரண்டையும் மடக்க வேண்டும்.

நல்ல பின்களில் அமுங்கிய நாக்கைக் கத்தி முனையால் லேசாக நிமிர்த்திவிட்டு, புது சாக்கெட்டில் சொருகுங்கள். 'டிக்' என்று கேட்க வேண்டும். அப்புறம் லேசாக இழுத்துப் பாருங்கள். எர்த் வயர் துளை மாறினால் பல்பின் இரண்டு இழையும் மங்கலாக எரியும். அப்போது பல்பைக் குறை சொல்லாமல், எடுத்த படத்தைப் பாருங்கள்.

ஜீப்பில் மற்ற கப்ளர்களை, அதாவது வயரோடு வயரை இணைக்கும் பிளாஸ்டிக் சொருகிகளை, கழற்ற நேர்ந்தால் ஒரு வித்தியாசம். சிலவற்றில் நாக்கு பின்னில் இருக்காது, பிளாஸ்டிக்கிலேயே இருக்கும். பின்னிலிருந்து விலக்கித் தூக்க வேண்டும். வேறு நிறத்தில் சின்னக் கிளிப் ஒன்று தெரிந்தால் அது இரண்டாவது பூட்டு, முதலில் அதை நகர்த்துங்கள். உருண்டைப் பின் என்றால் இரு பக்கமும் நாக்கு இருக்கும். பழைய ரேடியோ ஏரியலில் பொருத்தமான குழாய்த் துண்டை வெட்டி, பின்மேல் சொருகினால் இரண்டும் ஒன்றாகப் படுத்துவிடும்.

எல்லாம் முடிந்ததும் லைட்டைப் பத்து நிமிடம் எரியவிட்டு அணைத்து, சாக்கெட்டின் பின்பக்கம் வயர்களைத் தொட்டுப் பாருங்கள். ஒரு வயர் மட்டும் மற்றதைவிடச் சுட்டால் அதன் காதுகள் சரியாக மடங்கவில்லை.