கம்பெனி எடைகுறைப்புப் போட்டியில் சேர்ந்தால் இன்சூரன்ஸ் செலவு குறையுமா, நம் விவரங்களைக் கொடுக்கலாமா?

கேட்டவர் பினாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். எடைகுறைப்புப் போட்டிக்குப் பெயர் கொடுக்கச் சொல்லி எச்.ஆர். துரத்துகிறார்களாம், அதனால் எல்லாருடைய இன்சூரன்ஸ் செலவும் குறையும் என்கிறார்களாம். எடை, சர்க்கரை அளவு எல்லாம் கொடுத்தால் பிற்பாடு நமக்கே வினையாகுமா என்பது கேள்வி.

ரத்தப் பரிசோதனை இருந்தால் கண்டிப்பாகப் போங்கள். போட்டி உங்கள் விருப்பம். இன்சூரன்ஸ் செலவு குறையும் என்பதை மட்டும் நம்பாதீர்கள். நான் பினாங்கில் பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு தொழிற்சாலையில் எச்.ஆர். பிரிவில் இருந்தவன், ஊழியர் மருத்துவக் காப்புறுதி என் மேசையில்தான் இருந்தது, வருடா வருடம் புரோக்கரோடு உட்கார்ந்து பேரம் பேசுவது என் வேலை.

புதுப்பிக்கும் நேரத்தில் இன்சூரன்ஸ்காரர் முக்கியமாகப் பார்ப்பது ஒரு கணக்கு: போன வருடம் நாம் கட்டிய பிரீமியம் எவ்வளவு, நம் ஆட்கள் எடுத்த கிளைம் எவ்வளவு. யார் எத்தனை கிலோ என்று அதில் ஒரு வரிகூட இருக்காது. (சின்னக் கம்பெனி என்றால் ஆளாளுக்கு உடல்நலப் படிவம் நிரப்பச் சொல்வதுண்டு, அது வேறு.) இரண்டு பேருக்கு ஸ்டென்ட் வைத்திருந்தால், ஒருவருக்குப் புற்றுநோய் சிகிச்சை ஓடிக்கொண்டிருந்தால், டிங்கி காய்ச்சல் வந்து ஒரு உற்பத்தி லைனே ஆஸ்பத்திரியில் படுத்தால் கணக்கு எகிறிவிடும். அதற்கு மேல் பொதுவான விலையேற்றம் வேறு, 2024-இல் மலேசியாவில் மருத்துவச் செலவு ஏறிய வேகம் 15 விழுக்காடு என்று மத்திய வங்கியான பேங்க் நெகாராவே சொன்னது. நீங்கள் எல்லாரும் ஆளுக்கு மூன்று கிலோ குறைத்தாலும் அந்த 15 அசையாது. உடல் பருமன் செலவாக மாறப் பத்துப் பதினைந்து வருடம் பிடிக்கும், முட்டி, சர்க்கரை, இதயம், சிறுநீரகம் என்று ஒவ்வொன்றாகத்தான் வரும். கம்பெனியின் கணக்கோ பன்னிரண்டு மாதக் கணக்கு. பில் வரும்போது நீங்கள் அந்தக் கம்பெனியிலேயே இருக்கமாட்டீர்கள்.

இது என் சொந்தக் கருத்து மட்டுமில்லை. அமெரிக்காவில், ஊழியர் நலத் திட்டத்தில் சேர்ந்து இலக்கைத் தொட்டால் பிரீமியத்தில் 30 விழுக்காடு வரை சலுகை கொடுக்கச் சட்டமே இடம் கொடுக்கிறது, அதனால் அங்கே இது பெரிய வியாபாரம். பிஜேஸ் என்ற மொத்த விற்பனைக் கடைகளில் சுமார் 33,000 ஊழியர்களை வைத்து ஓர் ஆய்வு செய்து 2019-இல் வெளியிட்டார்கள். திட்டம் நடந்த கடைகளில் ஆட்கள் உடற்பயிற்சி செய்கிறோம், எடையைக் கவனிக்கிறோம் என்று கூடுதலாகச் சொன்னார்கள், ஆனால் ஒன்றரை வருடம் கழித்து அளந்து பார்த்தால் எடை, ரத்த அழுத்தம், கொழுப்பு, மருத்துவச் செலவு, விடுப்பு எதிலும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. இலினோய் பல்கலைக்கழகத்தில் நடந்த இன்னோர் ஆய்வில் தெரிந்தது இன்னும் வேடிக்கை: இப்படிப்பட்ட திட்டங்களில் ஆசையாக வந்து சேர்பவர்கள் ஏற்கெனவே செலவு குறைவாக வைக்கிற ஆட்கள்தான். யாருக்குத் தேவையோ அவர் வருவதில்லை.

ஏன் வருவதில்லை என்று எனக்குத் தெரியும். எடை பார்க்கும் நாளில் போய் நின்று பாருங்கள். முதல் நாள், கணக்கில் கூடுதலாக ஏற வேண்டுமென்று நாசி லெமாக் இரண்டு பொட்டலம் சாப்பிட்டு, பாக்கெட்டில் சாவிக்கொத்தோடு மேடை ஏறுவார்கள். கடைசி நாள் தண்ணீர்கூடக் குடிக்காமல் பெல்ட், வாட்ச், காலுறை வரை கழற்றிவிட்டு நிற்பார்கள். ஜெயிப்பது பெரும்பாலும் இருபத்தைந்து வயது ஃபுட்சால் ஆடுகிற பையன். லைனில் இருக்கும் அக்காமார்களோ, எடையைச் சத்தமாகப் படிக்கிறார்கள் என்று தெரிந்ததுமே அன்றைக்கு எம்.சி. (மருத்துவ விடுப்பு) எடுத்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் பரிசோதனை வேறு கதை. 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் எடை கூடியவர்கள் அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். நம்மவர்கள் நிலைமை இன்னும் மோசம், 2019 ஆய்வில் இந்தியர்களில் பத்தில் மூன்று பேருக்குச் சர்க்கரை. பி.எம்.ஐ. (உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் கணக்கு) 25 வரை சரி என்று இணையத்தில் படித்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். மலேசியாவில் 23-இலேயே எடை கூடுதல், 27.5-இல் உடல் பருமன். 170 செ.மீ. உயரத்துக்கு 80 கிலோ என்றால் நம் கணக்கில் அது உடல் பருமன்தான். தராசைவிட அளவுநாடா நல்லது: இடுப்பு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ., அதற்கு மேல் போனால் எச்.பி.ஏ.1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்துவிடுங்கள்.

கம்பெனிக்கு உண்மையிலேயே அக்கறை இருந்தால் கேண்டீனிலிருந்து தொடங்கலாம். இரவு ஷிப்ட்டில் இரண்டு மணிக்கு என்ன கிடைக்கிறது? மீ கோரேங், பொரித்த கோழி, பெரிய பாத்திரத்தில் ஏற்கெனவே இனிப்புப் பால் கலந்து வைத்த தே, அதாவது டீ. அதில் கொசோங் (சீனி இல்லாமல்) கேட்டால் எங்கே போவது, கலந்தது கலந்ததுதான். அந்த இனிப்புப் பாலில் பாதிக்குப் பக்கம் வெறும் சீனி. டின் பானத்துக்கு அரசாங்கம் 2019-இல் லிட்டருக்கு 40 சென் வரி போட்டு இப்போது 90 சென்னுக்குக் கொண்டுவந்துவிட்டது, கேண்டீன் தேயை யாரும் தொடவில்லை. பாலைத் தனியாக வையுங்கள் என்று கேண்டீன்காரரிடம் சொல்ல ஒரு காசு செலவில்லை. போட்டிக்கு டி-ஷர்ட் அடிக்கும் பணத்தில் இரவு சாப்பாட்டில் ஒரு காய்கறிக் கூட்டு சேர்த்திருக்கலாம், சொன்னால் போட்டோ எடுக்க என்ன இருக்கிறது என்று கேட்பார்கள்.

விவரம் கொடுப்பது பற்றி. உடல்நல விவரம் 2010 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் தனி வகை, பொதுவாக உங்கள் வெளிப்படையான சம்மதம் வாங்கித்தான் கையாள வேண்டும். அதனால் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒன்று கேளுங்கள்: ரிப்போர்ட் கிளினிக்கிலிருந்து நேராக என் கைக்கு வருமா, எச்.ஆர். வழியாக வருமா? எச்.ஆருக்குத் தேவை மொத்தத்தில் எத்தனை பேருக்குப் பிரச்சினை என்ற எண்ணிக்கை மட்டும்தான். பெயரோடு கேட்டால், ஏன் என்று கேட்கலாம், தப்பில்லை.

வினை என்று நீங்கள் பயப்படுவது வரும் இடம் வேறு, வேலையை விடும்போது. கம்பெனி மெடிக்கல் கார்டு (ஆஸ்பத்திரிச் செலவுக் காப்புறுதி) பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு சரி, மறுநாள் ஆஸ்பத்திரியில் கேட்டால் ஜி.எல். (செலவை ஏற்கிறோம் என்று இன்சூரன்ஸ்காரர் ஆஸ்பத்திரிக்குத் தரும் உத்தரவாதக் கடிதம்) வராது. அப்போது நாற்பத்தைந்து வயதில், சர்க்கரையோடு சொந்தமாகப் பாலிசி வாங்கப் போனால் பிரீமியத்தை ஏற்றுவார்கள், சர்க்கரை சம்பந்தப்பட்டதை ஒதுக்குவார்கள், அல்லது வேண்டாம் என்றே சொல்வார்கள். எடைகுறைப்பு ஆபரேஷன் வழக்கமாகப் பாலிசியிலேயே கிடையாது. ஆகவே உடம்பு நன்றாக இருக்கும்போதே சின்னதாக ஒரு சொந்த மெடிக்கல் கார்டு எடுத்து வையுங்கள். செப்டம்பர் 2024-லிருந்து செலவில் ஒரு பங்கை நாமே கட்டும் வகைப் பாலிசியையும் இன்சூரன்ஸ் நிறுவனங்கள் விற்பனைக்கு வைத்திருக்க வேண்டும் என்று பேங்க் நெகாரா சொல்லியிருக்கிறது, கம்பெனி கார்டு கையில் இருப்பவருக்கு அதுவே போதும், பிரீமியமும் குறைவு.

"முதலில் பாலிசி, அப்புறம் டெஸ்ட்" என்று ஏஜெண்ட் காதில் ஓதுவார். உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லை என்றால் அந்த வரிசை சரிதான். ஆனால் ஏற்கெனவே தாகம், ராத்திரி நாலு தடவை எழுந்து போகிறீர்கள் என்றால் டெஸ்ட் எடுக்காதது காப்பாற்றாது, அறிகுறி தெளிவாக இருந்தாலே அது முன்பே இருந்த நோய் என்று பாலிசியில் எழுதியிருக்கும். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய்க்கு முதல் 120 நாள் கிளைமும் கிடையாது. கேள்விக்குப் பொய் சொல்லி வாங்கினால் பிறகு கிளைமும் கிடைக்காது, கார்டும் போகும்.

பாலிசி கிடைக்காத நிலை என்றால் அரசாங்கத்தின் கிளினிக் கெசிஹாத்தான் இருக்கவே இருக்கிறது, ஒரு ரிங்கிட், மாத்திரையும் சேர்த்து. காலை ஷிப்ட் இல்லாத நாளாகப் பார்த்து ஏழு மணிக்கே போய் நம்பர் எடுத்துவிடுங்கள்.