தனியாக இருக்கும் அம்மாவுக்குத் துணையாக மக்காவ் கிளி வாங்கிக் கொடுக்கலாமா?

"அம்மா புதுச்சேரியில் தனியாக இருக்கிறார், நான் வெளிநாட்டில் இருக்கிறேன், பேச்சுத்துணைக்கு ஒரு மக்காவ் வாங்கிக் கொடுக்க நினைக்கிறேன், வளர்ப்பது கஷ்டமா" என்று கேட்டிருக்கிறீர்கள். அம்மாவிடம் கேட்டீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எங்கள் வீட்டிலும் யாரும் கேட்கவில்லை.

கடலூரில் எங்கள் வீட்டில் 2019 பொங்கலிலிருந்து ஒரு நீல மஞ்சள் மக்காவ் இருக்கிறது. மாமனார் தவறி எட்டு மாதம் ஆகியிருந்தது. அத்தை காலையில் திண்ணையில் உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். காது மந்தம். காது மெஷின் வாங்கிக் கொடுத்தோம், கொய்யென்று இரைகிறது என்று கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார். ஷார்ஜாவிலிருந்து வந்த என் கொழுந்தனார் நேராகச் சென்னையில் ஒரு பறவைப் பண்ணைக்குப் போய், கையால் ஊட்டி வளர்த்த நாலு மாதக் குஞ்சை ஒரு லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கி வந்தார். "இனிமே உனக்குப் பேச்சுத்துணைக்கு ஆளாச்சும்மா" என்று அத்தை மடியில் வைத்தார். பதினைந்தாம் நாள் விமானம் ஏறிவிட்டார். பறவை எங்களிடம் இருந்தது.

பறவை பிடிக்காதவள் சொல்கிறாள் என்று நினைத்துவிடாதீர்கள். இன்றைக்கு அது இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியாது. ஆனால் துணைக்கு என்று நீங்கள் எழுதியிருப்பது என்னைச் சுட்டது. துணை வேண்டியது அதற்குத்தான். தென் அமெரிக்கக் காடுகளில் ஜோடி பிரியாமல், கூட்டமாகப் பறக்கிற பறவை அது. வீட்டுக்குள் வந்துவிட்டால் அதன் ஜோடியும் கூட்டமும் நாம்தான். உங்கள் அம்மா எழுந்து பக்கத்துத் தெருவுக்குப் போனால்கூட அது கூப்பிடும். பதில் குரல் வரும்வரை கூப்பிடும்.

அந்தச் சத்தத்தை வீடியோவில் கேட்டுவிட்டு முடிவு செய்யாதீர்கள். விடிகிறபோது ஒரு தடவை, பொழுது சாய்கிறபோது ஒரு தடவை, கால் மணி நேரம் கத்தும். காட்டில் கூட்டத்தைச் சேர்க்கிற குரல் அது. இரண்டு கிலோமீட்டர் தாண்டியும் கேட்க வேண்டும் என்று அமைந்த தொண்டை, பத்துக்குப் பத்து அறைக்குள் கத்தினால் எப்படி இருக்கும்? பக்கத்து வீட்டில் குழந்தை பிறந்த சமயத்தில் நான் கையெடுத்துக் கும்பிடாத குறையாக அவர்களிடம் பேசியிருக்கிறேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் அத்தைக்குக் கைபேசி மணி கேட்காது, கேட் சத்தம் கேட்காது, நான் இரண்டடி தூரத்திலிருந்து கூப்பிட்டால் கேட்காது. இது கூப்பிட்டால் கேட்கும். "தோ வரேன் ராசா" என்று பதில் சொல்லிக்கொண்டே எழுந்திருப்பார். அந்த வீட்டில் அவர் காதுக்கு எட்டிய முதல் குரல் அதுதான். அதற்காகவே நான் மற்ற எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன்.

ராசா என்று பெயர் வைத்துவிட்டாரே தவிர, அது பெண். மக்காவில் ஆணும் பெண்ணும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். இறகு கொடுத்து டிஎன்ஏ டெஸ்ட் எடுத்த பிறகுதான் தெரிந்தது. பெயரை மாற்ற அத்தை சம்மதிக்கவில்லை.

எடை ஒரு கிலோ, அலகிலிருந்து வால் நுனி வரை மூன்றடிக்குக் கொஞ்சம் குறைவு. எங்கள் தெருவில் நாட்டு வாதாம் மரம் இருக்கிறது. காய்ந்து விழுந்த வாதாங்கொட்டையை நாம் கல்லில் வைத்து நசுக்கினாலும் பாதி நேரம் பருப்பும் சேர்ந்து நசுங்கிப் போகும். ராசா இடது காலால் கொட்டையைப் பிடித்து, கறுத்துக் காய்ந்த நாக்கால் உருட்டி உருட்டி இடம் பார்க்கும். அப்புறம் ஒரே ஒரு சத்தம். பருப்பு முழுசாக வெளியே வந்திருக்கும். கோஸ்டாரிகா கடற்கரையில் சிவப்பு மக்காவ்கள் இதே வாதாங்கொட்டையைத்தான் உடைத்துத் தின்கின்றன. அந்த அலகால்தான் என் இடது காது கம்மலை ஒரு நாள் பிடித்து இழுத்தது. மூன்று தையல். அது அத்தையைத் தன் ஆளாக எடுத்துக்கொண்டுவிட்டது. நான் அத்தைக்குக் கண் மருந்து போடக் குனிந்தேன், அதற்குப் பொறுக்கவில்லை. தோளில் உட்காரவைத்து செல்ஃபி எடுக்க வருகிற சொந்தக்காரர்கள் யாருக்கும் இதைச் சொன்னால் புரிவதில்லை.

வீட்டையும் அதற்காக மாற்ற வேண்டியிருந்தது. நான்ஸ்டிக் சட்டி அடுப்பில் காய்ந்து கருகினால் வருகிற புகை பறவைகளைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். எங்களிடம் இருந்த மூன்றையும் தூக்கிக் கொடுத்துவிட்டு இரும்புக் கல்லுக்குத் திரும்பினேன். கொசுவர்த்தி நின்றது. வெள்ளிக்கிழமை சாம்பிராணி நின்றது, இதற்கு மட்டும் அத்தை ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சாக்லேட்டும் வெண்ணெய்ப்பழமும் (அவகாடோ) அதற்கு விஷம். சூரியகாந்தி விதையை மட்டும் கொட்டிவிட்டு வளர்த்தால் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து செத்துப்போகும். முளைகட்டிய பயறு, கேரட், முருங்கைக்கீரை, கொய்யா, கடையில் விற்கிற பெல்லட் என்கிற பறவைத் தீனி கொஞ்சம், ஒன்றிரண்டு கொட்டை என்று தினம் நறுக்கி வைக்க வேண்டும். ராத்திரி பத்துப் பன்னிரண்டு மணி நேரம் தூங்க வேண்டும், அதனால் எங்கள் கூடத்தில் ஏழு மணிக்கு மேல் டிவி கிடையாது.

இங்கே ஒரு கூட்டம் வரும், காட்டுப் பறவையை அடைத்து வைக்கலாமா என்று. இது பண்ணையில் பொரித்தது, காலில் வளையம் போட்டது. திறந்துவிட்டால் கடலூர்க் காக்காய்களே இரண்டு நாளில் முடித்துவிடும். அதற்காக வாங்கியது சரி என்று நான் வாதாடவில்லை. வந்துவிட்ட உயிரை நன்றாக வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். சட்டமும் தெரிந்துகொள்ளுங்கள். நம் ஊர்ப் பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பது குற்றம். மக்காவ் வெளிநாட்டு இனம், ஆனால் அழியும் ஆபத்துள்ள உயிரினங்களை நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்துகிற சைட்டிஸ் (CITES) ஒப்பந்தப் பட்டியலில் இருக்கிறது. 2022-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி, 2024 பிப்ரவரியில் விதிகள் கொண்டுவந்த பிறகு, இப்படிப்பட்ட பறவைகளைப் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். நாங்கள் பதிவு செய்திருக்கிறோம். ரசீது, பதிவு, வளையம் மூன்றும் இல்லாமல் விற்கிறவரிடம் வாங்காதீர்கள்.

சரி, நான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்ததே வேறு ஒன்றுக்காக.

2023-இல் அத்தை குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் அறுவை. மொத்தம் 19 நாள். நான் கூடவே இருந்தேன். அங்கே கூட இருக்கிறவர்களுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அறை வாடகை தனி, அட்டெண்டர் பாஸ் என்று தினமும் தனிக் காசு, ராத்திரி கால் நீட்டிப் படுக்க ஒரு பாய் விரித்தால் எழுப்பிவிடுவார்கள். பெட்பேன் வைக்கிறதிலிருந்து துடைக்கிறது வரை நாம்தான் செய்கிறோம், அதற்கு நம்மிடமே காசு வாங்குகிறார்கள். இதை எங்கேயும் யாரும் கேட்பதில்லை. நோயாளியைப் பார்க்க ஆப்பிள் வாங்கி வருகிறவர்களுக்கு இருக்கிற மரியாதை, 19 நாள் நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கினவளுக்கு இல்லை. தினமும் ராத்திரி வீடியோ காலில் வந்து அழுத பிள்ளையைத்தான் "அம்மா மேல என்ன பாசம்" என்று வார்டே பேசியது. என் கொழுந்தனார் நல்ல மனிதர், பணம் அவர்தான் அனுப்பினார், அதை மறைக்கவில்லை. ஆனால் பணம் அனுப்புவதும் கிளி வாங்கித் தருவதும் பக்கத்தில் இருப்பது ஆகாது. இதை நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, இங்கே எழுதுகிறேன்.

அந்த 19 நாளும் ராசா ஏறக்குறையத் தனியாக இருந்தது. என் வீட்டுக்காரர் காலையில் தீனி வைத்துவிட்டு வேலைக்குப் போய், சாயங்காலம் எங்களைப் பார்க்கப் புதுச்சேரி வந்துவிடுவார். ஐந்தாம் நாளே கூண்டுத் தரையில் மஞ்சள் இறகு கிடக்கிறது என்றார். இறகு உதிர்கிற பருவமாக இருக்கும் என்று நினைத்தோம். நாங்கள் வீடு திரும்பியபோது அதன் நெஞ்சு முழுக்க மொட்டை. மஞ்சள் இருந்த இடத்தில் சாம்பல் நிறத் தூவி கொஞ்சம், மற்றபடி உரித்த கோழிபோலப் புள்ளி புள்ளியாகத் தோல், இரண்டு இடத்தில் ரத்தம் காய்ந்திருந்தது. தானே ஒவ்வொன்றாகப் பிடுங்கியிருக்கிறது. பறவை பார்க்கத் தெரிந்த டாக்டரைத் தேடிப் பிடிப்பதற்கே மூன்று நாள் ஆனது. நம் பக்கத்துக் கால்நடை மருத்துவர்கள் பெரும்பாலும் மாடும் ஆடும் நாயும் பார்ப்பவர்கள். ரத்தம் எடுத்துப் பார்த்து நோய் எதுவும் இல்லை என்றார். "யாரு இல்லாம இருந்தாங்க?" என்று மட்டும் கேட்டார்.

அத்தை வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூண்டுக்கு முன்னால் போய் நின்றபோது, அது திரும்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது. மறுநாளும் அப்படியே. அத்தை சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலையில் நாற்காலியைக் கூண்டோரம் போடச் சொல்லி உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல் மடியில் வாதாங்கொட்டைகளை வைத்துக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரம் இருக்கும். அது பக்கவாட்டில் அடியெடுத்து அடியெடுத்து வந்து, கம்பிக்கு வெளியே காலை நீட்டியது. இவர் கொட்டையைக் கொடுக்க, அது கொட்டையைக் கீழே விட்டுவிட்டு அவர் விரலைப் பிடித்துக்கொண்டது. மக்காவுக்குக் கன்னத்தில் இறகில்லாத வெள்ளைத்தோல் உண்டு, கறுப்பு மையால் மெல்லிய கோடு இழுத்ததுபோல் வரிவரியாக இருக்கும். அந்தத் தோல் ரோஜா நிறத்துக்கு மாறுவதை அன்றைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். மனம் பொங்கினால் அதற்கு முகம் சிவக்கும், மனிதர்களுக்குப் போலவே. இறகு திரும்ப முளைக்க ஏழு மாதம் ஆனது. நெஞ்சில் ஒரு ரூபாய் அகலத்துக்கு இன்னும் முளைக்கவில்லை, இனி முளைக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அதற்கப்புறம் 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல். புயல் புதுச்சேரிப் பக்கம் கரை கடந்து போய்விட்டது என்று நாங்கள் மூச்சு விட்ட இரண்டாம் நாள், சாத்தனூர் அணையில் ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்து பெண்ணையாறு ஊருக்குள் வந்துவிட்டது. தெருப் பையன்கள் அத்தையை நாற்காலியோடு தூக்கினார்கள். நாய்க்கூடையில் ராசாவை வைத்து மடியில் கொடுத்த பிறகுதான் தூக்கவிட்டார். நாலு குடும்பம் சேர்ந்து ஒதுங்கிய மாடி வீட்டில் இரண்டு நாள் அது வாயே திறக்கவில்லை. பயந்தால் பறவை அடங்கிவிடும். எல்லாரும் நல்லதாயிற்று என்றார்கள். அத்தை மட்டும் "எனக்குச் சுத்தமா காது போயிடுச்சா" என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் விடியலில் அது ஒரு கத்துக் கத்தியது, அந்த வீடே அதிர்ந்தது. "கேக்குது" என்றார்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ராசாவுக்கு இப்போது ஏழு வயது. நன்றாகப் பார்த்துக்கொண்டால் 50 வருடம்கூட இருக்கும். அத்தைக்கு 74. கணக்குப் போட்டால் அது என்னையும் தாண்டி இருக்கும், அதனால் என் மகளிடம் இப்போதிருந்தே தினமும் அரை மணி பழக விடுகிறேன். அவள் இதற்குச் சம்மதித்துத்தான் செய்கிறாள், கேட்டுவிட்டேன். உங்கள் அம்மாவுக்குப் பின்னால் அந்தப் பறவையை யார் எடுத்துக்கொள்வார்கள், அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தால் வீட்டில் யார் இருப்பார்கள் என்று இரண்டு பெயர் சொல்ல முடிந்தால் வாங்குங்கள். முடியாவிட்டால் அந்தப் பணத்தில் வருடத்துக்கு இரண்டு தடவை டிக்கெட் போட்டு நீங்களே வாருங்கள்.

அதற்கும் மேல் ஆசை விடவில்லை என்றால், அடுத்த முறை ஊருக்கு வரும்போது மக்காவ் வளர்க்கிற ஒரு வீட்டைத் தேடிப் பிடித்து அம்மாவைக் கூட்டிப் போங்கள். ஆறு மணிக்கு முன்னாலேயே போய்விடுங்கள், அப்போதுதான் விடியல் சத்தம் கேட்கும். அம்மாவைக் கம்மலையும் மூக்குத்தியையும் கழற்றி வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.