இரண்டாம் படி: யார் ஏறுவார், யார் இறங்குவார்?

இங்கிலாந்துக் கால்பந்தின் இரண்டாம் நிலைப் போட்டியான சாம்பியன்ஷிப் பற்றிச் செட்டிநாட்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இந்த வாரம். புதிதாகப் பார்க்க வருபவர்களுக்கு ஒரு வரி: மொத்தம் 24 அணிகள், ஒவ்வொன்றுக்கும் 46 ஆட்டம். கீழே பேசப்படும் சீசன்களின் முறைப்படி முதல் இரண்டு அணிகள் நேராக பிரீமியர் லீக் போகும். 3 முதல் 6 வரை வருபவை பிளே-ஆஃப் ஆடி ஒன்று ஏறும். கடைசி மூன்றும் மூன்றாம் நிலையான லீக் ஒன்னுக்கு இறங்கும்.

பிரீமியர் லீகிலிருந்து இறங்கி வரும் மூன்று அணிகளே மறுபடி ஏறும் என்று ஒவ்வொரு ஆகஸ்டிலும் எழுதி வைக்கிறேன். ஒரு தடவைகூட மூன்றும் சரியாக வரவில்லை. ஏன்?
– கல்லூரி மாணவர், காரைக்குடி

பாதி சரி, பாதி சோம்பல். இறங்கிய கிளப்புக்கு பாராசூட் பணம் வரும். பிரீமியர் லீக் கிளப்புகள் சமமாகப் பிரித்துக்கொள்ளும் ஒளிபரப்புத் தொகையில் முதல் வருடம் 55 சதவீதம், இரண்டாம் வருடம் 45, மூன்றாம் வருடம் 20. மேலே ஒரே ஒரு சீசன் ஆடிவிட்டு இறங்கியவர்களுக்கு இரண்டு வருடம் மட்டும்தான். மற்ற சாம்பியன்ஷிப் கிளப்புகள் கனவிலும் காணாத பணம் இது. ஆனாலும் 2022–23 முதல் மூன்று சீசன்களை எடுத்துப் பாருங்கள். இறங்கி வந்த ஒன்பதில் அதே வருடம் திரும்பி ஏறியவை நான்கு: பர்ன்லி இரண்டு தடவை, லெஸ்டர், சவுத்தாம்ப்டன். லீட்ஸும் ஷெஃபீல்ட் யுனைட்டெடும் 3ஆம் இடம் வந்து பிளே-ஆஃப் இறுதியில் தோற்றன. வாட்ஃபோர்டு 11, நார்விச் 13. லூட்டன் இன்னொரு படி கீழே போய்விட்டது.

லூட்டனைத்தான் நன்றாகக் கவனிக்க வேண்டும். 2023–24இல் பிரீமியர் லீகிலிருந்து இறங்கிய மூன்றில் அதிகப் புள்ளி எடுத்தது அதுதான்: லூட்டன் 26, பர்ன்லி 24, ஷெஃபீல்ட் யுனைட்டெட் 16. அடுத்த சீசனில் பர்ன்லி 100 புள்ளியோடு ஏறியது, ஷெஃபீல்ட் யுனைட்டெட் 90 எடுத்தது, லூட்டன் 49இல் நின்றது. மேலே எவ்வளவு மோசமாகத் தோற்றார்கள் என்பதை வைத்துக் கணிக்காதீர்கள். ஆகஸ்ட் கடைசியில் ஆட்டக்காரர் சந்தை மூடிய பிறகு கோல்கீப்பர், சென்டர்-பேக் ஜோடி, முதல் ஸ்ட்ரைக்கர் ஆகிய நான்கு இடத்திலும் ஆள் இருக்கிறதா என்று பாருங்கள். அதன் பிறகே பட்டியலை முடியுங்கள். ஜூலையில் எழுதும் பட்டியல் வெறும் ஆசைதான்.

ஆறேழு ஆட்டம் முடிந்ததுமே பட்டியலைப் பார்த்துவிட்டு “இந்த அணி அவ்வளவுதான்” என்கிறார் என் தம்பி. எத்தனை ஆட்டம் போனால் நம்பலாம்?
– வாசகர், தேவகோட்டை

தம்பியிடம் நாட்டிங்காம் ஃபாரஸ்டைச் சொல்லுங்கள். 2021–22இல் முதல் 7 ஆட்டத்தில் ஒரே ஒரு புள்ளி, கடைசி இடம். ஸ்டீவ் கூப்பர் மேனேஜராக வந்தார். 80 புள்ளியோடு 4ஆம் இடம் பிடித்து, வெம்பிளியில் நடந்த பிளே-ஆஃப் இறுதியில் ஜெயித்து, அந்த வருடமே ஏறினார்கள்.

பத்து ஆட்டத்துக்குள் புள்ளியைப் பார்க்காதீர்கள், கோல் வித்தியாசத்தைப் பாருங்கள், அதாவது அடித்த கோலில் வாங்கிய கோலைக் கழித்தால் வருவதை. ஒரு கோலில் ஜெயித்தாலும் மூன்று புள்ளி என்பதால் அதிர்ஷ்டம் புள்ளியில்தான் முதலில் ஒட்டும். முழு சீசனுக்கு ஒரு கைக்கணக்கு இருக்கிறது. சாம்பியன்ஷிப்பில் நாலில் ஒரு ஆட்டத்துக்குச் சற்று அதிகமாக டிரா ஆகும். அதனால் சராசரி அணிக்கு ஆட்டத்துக்குச் சுமார் 1.37 புள்ளி, 46 ஆட்டத்துக்கு 63. கோல் வித்தியாசத்தை 0.63ஆல் பெருக்கி இந்த 63உடன் கூட்டுங்கள். 2024–25இல் லூட்டனின் வித்தியாசம் மைனஸ் 24. கணக்கு 48 சொல்லும், எடுத்தது 49. லீட்ஸ் பிளஸ் 65. கணக்கு 104, எடுத்தது 100. 2023–24இல் இப்ஸ்விச் பிளஸ் 35 வைத்துக்கொண்டு 96 புள்ளி எடுத்தது. கணக்கோ 85தான் தந்தது. இப்படி மிஞ்சி எடுத்தவர்களை அடுத்த வருடத்துக்குக் கொஞ்சம் கழித்தே மதிப்பிட வேண்டும். இப்ஸ்விச் பிரீமியர் லீகில் 22 புள்ளியோடு திரும்பி வந்தது.

சீசன் நடுவில் கணிக்க இன்னொரு வேலை சேர்க்க வேண்டும். 15 ஆட்டம் முடிந்து ஓர் அணிக்கு 30 புள்ளி, கோல் வித்தியாசம் பிளஸ் 9 என்று வையுங்கள். தம்பி 30ஐ 15ஆல் வகுத்து 46ஆல் பெருக்கி 92 என்பார். நீங்கள் அந்த 9ஐ 15ஆல் வகுக்காமல் 15ஓடு இன்னொரு 15ஐக் கூட்டி 30ஆல் வகுங்கள். 0.3 வரும். அதை 0.63ஆல் பெருக்கி 1.37உடன் கூட்டினால் ஆட்டத்துக்கு 1.56. மீதி 31 ஆட்டத்துக்கு 48. கையில் இருக்கும் 30ஐச் சேர்த்தால் 78. 92 என்றால் நேராக ஏறலாம். 78 என்றால் பிளே-ஆஃப்தான். அந்தக் கூடுதல் 15 கைக்கணக்குதான், வேதவாக்கல்ல. 12 போட்டாலும் 20 போட்டாலும் முடிவு பெரிதாக மாறாது. போடாமல் விட்டால்தான் மாறும்.

ஒரே ஒரு பெரிய ஸ்கோர் இந்தக் கணக்கைக் கெடுக்கும். 2025 பிப்ரவரியில் லீட்ஸ் கார்டிஃபை 7–0 அடித்தது. அதை 3–0 என்றே பதியுங்கள். மூன்றுக்கு மேல் போகும் கோல்கள் பெரும்பாலும் எதிரணி கையை விட்ட பிறகு விழுபவை.

50 புள்ளி எடுத்தால் தப்பித்துவிடலாம் என்கிறார்களே, சரியா?
– பள்ளி உடற்கல்வி ஆசிரியர், கானாடுகாத்தான்

பெரும்பாலும் சரி, உத்தரவாதம் இல்லை. இறங்கிய மூன்றில் மேலே இருந்த அணி, அதாவது 22ஆம் இடம், எடுத்த புள்ளிகள்: 2020–21இல் 43, அடுத்த வருடம் 37, பிறகு 44, 50, 49. அந்த 50 பர்மிங்காமுடையது. 2012–13இல் பீட்டர்பரோ 54 எடுத்தும் இறங்கியது. 52ஐத் தொட்டால் நிம்மதியாகத் தூங்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள், பீட்டர்பரோ ரசிகர் பக்கத்தில் இல்லையென்றால்.

கீழ்ப்பக்கத்தில் எல்லோரும் கோட்டைவிடுவது தண்டனைப் புள்ளியில்தான். கிளப் திவாலாகி நிர்வாகியின் கைக்குப் போனால் 12 புள்ளி போச்சு. செலவு வரம்பை மீறினால் தனி வெட்டு. டெர்பி 2021–22இல் களத்தில் 55 எடுத்தது. 21 வெட்டப்பட்டு 34ஓடு இறங்கியது. ரெடிங் 2022–23இல் 50 எடுத்து 6 இழந்தது. அந்த 6 இருந்திருந்தால் 49 எடுத்த கார்டிஃப்தான் இறங்கியிருக்கும். விகன் 2019–20இல் 59 எடுத்தும் 12 வெட்டுப்பட்டுப் போனது. 2025 அக்டோபரில் ஷெஃபீல்ட் வெட்னஸ்டேக்கும் அதே 12. ஆட்டக்காரர் எவரையும் பார்க்காமல் ஆகஸ்டிலேயே இறங்கும் பட்டியலில் ஓர் அணியைச் சேர்க்க முடியும் என்றால் அது இந்த வழியில்தான்.

கிளப்பின் பணநிலை வெளியாள் நமக்கு எப்படித் தெரியும்?
– ஓய்வு பெற்ற கணக்கர், பள்ளத்தூர்

உங்கள் தொழில் இங்கே நன்றாகவே உதவும். ஐந்தொகை பார்க்காமல் ஒரு கடையை எடை போடுவீர்களா? இங்கிலாந்து கிளப்புகளில் அநேகமாக எல்லாமே கம்பெனிகள். ஆண்டுக் கணக்கை அரசின் கம்பெனிப் பதிவகத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அது இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். மூன்று இடத்தைப் பாருங்கள்: சம்பளச் செலவு வருமானத்தை மிஞ்சியிருக்கிறதா, முதலாளி கைக்காசு போட்டால்தான் கிளப் நடக்கும் என்று ஆடிட்டர் குறிப்பு எழுதியிருக்கிறாரா, கணக்கு தேதி தாண்டித் தாக்கலாகியிருக்கிறதா. சாம்பியன்ஷிப்பில் சம்பளம் வருமானத்தை மிஞ்சுவது ஊரறிந்த வியாதி. அதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். ஆடிட்டர் குறிப்பும் தாமதமும் சேர்ந்து வந்தால் பயப்படுங்கள்.

மேலே சொன்ன சீசன்களில் லீகின் செலவு வரம்பு: மூன்று சீசனும் சாம்பியன்ஷிப்பிலேயே இருந்தால் மொத்த நஷ்டம் 39 மில்லியன் பவுண்டைத் தாண்டக் கூடாது. பிரீமியர் லீகில் கழித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 13க்குப் பதில் 35 மில்லியன். இறங்கி இரண்டு வருடம் ஆகியும் ஏறாத கிளப் ஆட்டக்காரரை விற்க ஆரம்பிப்பது இதனால்தான். ஆட்டக்காரர் வாங்கத் தடை விழுந்த கிளப்புகளின் பட்டியலையும் லீகே வெளியிடுகிறது. மாதம் ஒரு முறை பார்த்தால் போதும்.

பிளாக்பர்ன் முதலாளிகள் புனேக்காரர்கள் என்பதால் அந்த அணியைப் பிடிக்கும். மேனேஜர் மாறினால் கணிப்பையும் மாற்ற வேண்டுமா?
– வாசகி, கோனாபட்டு

உங்கள் அணியே நல்ல உதாரணம். வெங்கீஸ் குழுமம் 2010இல் வாங்கிய கிளப் அது. 2025 பிப்ரவரியில் பிளே-ஆஃப் இடத்தில் இருந்தபோது மேனேஜர் ஜான் யூஸ்டஸ் டெர்பிக்குப் போய்விட்டார். பிளாக்பர்ன் 66 புள்ளியோடு 7ஆம் இடம். ஆறாம் இடத்துக்கு இரண்டு புள்ளி குறைவு. டெர்பி 50 எடுத்து ஒரே புள்ளியில் தப்பியது. இதே யூஸ்டஸை 2023 அக்டோபரில் பர்மிங்காம் நீக்கியபோது அணி 6ஆம் இடத்தில் இருந்தது. அவருக்குப் பதில் வந்த வெய்ன் ரூனி 15 ஆட்டத்தில் இரண்டுதான் ஜெயித்தார். அந்த சீசன் கடைசியில் இறங்கிய 50 புள்ளி அணியும் அதே பர்மிங்காம்தான்.

கோல் வித்தியாசம் சொல்வதைவிடப் புள்ளி குறைவாக இருக்கும்போது மேனேஜரை மாற்றினால், புதியவர் வராவிட்டாலும் அணி மேலேறியிருக்கும். கணிப்பைத் தொடாதீர்கள். நன்றாகப் போகும் அணியில் மாற்றினால் மீதி ஆட்டங்களுக்கு ஆட்டத்துக்கு 0.1 முதல் 0.2 புள்ளி கழியுங்கள். நியமனம் நடந்த நாளில் பேட்டியைக் கேட்டுக் கூட்டாதீர்கள்.

பிளே-ஆஃபில் கடைசி நேரத்தில் சூடாக இருக்கும் அணிதான் ஜெயிக்குமாமே?
– வாசகர், கண்டனூர்

சண்டர்லாண்ட் 2024–25இல் லீக் ஆட்டங்களில் கடைசி ஐந்தையும் தோற்றுவிட்டுத்தான் பிளே-ஆஃபுக்கு வந்தது. 76 புள்ளி, 4ஆம் இடம். இறுதியில் 90 புள்ளி ஷெஃபீல்ட் யுனைட்டெடை 2–1 ஜெயித்தது. இடத்தைப் பாருங்கள், சூட்டை விடுங்கள். 2020 முதல் 2025 வரை ஆறு பிளே-ஆஃபிலும் ஜெயித்தது 3ஆம் இடமோ 4ஆம் இடமோதான்: நான்காவது நான்கு தடவை, மூன்றாவது இரண்டு தடவை. ஆறாம் இடத்திலிருந்து 2010இல் பிளாக்பூல் ஏறியது. அதற்குப் பிறகு 2025 வரை யாரும் இல்லை. ஆனாலும் மூன்றே ஆட்டம், எதுவும் நடக்கும். 3க்கும் 4க்கும் தலா 30 சதவீதம், 5க்கு 22, 6க்கு 18 என்று போட்டால் பெரிய தவறு வராது.

நண்பர்கள் எட்டுப் பேர் காசு வைக்காமல் கணிப்புப் போட்டி நடத்துகிறோம். மதிப்பெண் போடுவதில்தான் தினம் சண்டை.
– வாசகர், புதுவயல்

காசு வைக்காதது நல்லது. 2025இன் மத்தியச் சட்டத்துக்குப் பிறகு பண ஆட்ட ஆப்களின் பக்கமே போக வேண்டாம். பெயர் எழுதச் சொல்லாமல் சதவீதம் எழுதச் சொல்லுங்கள். 24 அணிக்கும் ஏறும் வாய்ப்பு. மூன்று அணி ஏறுவதால் மொத்தம் 300 வர வேண்டும். இறங்குவதற்குத் தனியாக இன்னொரு 300. முதல் தடவை எழுதுபவர்கள் மனதுக்குப் பிடித்த எட்டு அணிக்கு அள்ளிக் கொடுத்து 450 வரை போய்விடுவார்கள். கூட்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுங்கள்.

ஏறிய அணிக்கு நீங்கள் 60 சதவீதம் சொல்லியிருந்தால் 1இலிருந்து 0.6ஐக் கழித்து வர்க்கப்படுத்துங்கள்: 0.16. ஏறாத அணிக்கு 60 சொல்லியிருந்தால் 0.6இன் வர்க்கம்: 0.36. எல்லாவற்றையும் கூட்டுங்கள். குறைவாக வாங்கியவர் ஜெயித்தார். ஒன்றுமே தெரியாமல் எல்லோருக்கும் 12.5 சதவீதம் போட்டவருக்கு 2.625 வரும். மூன்று பெயருக்கு 100 போட்டு ஒன்று மட்டும் பலித்தவருக்கு 4. அதாவது அடித்துப் பேசுபவர் சும்மா இருந்தவரைவிடக் கீழே. சண்டை அங்கேயே முடியும்.

ஆட்டம் நம்ம நேரத்துக்கு எப்போது வரும்?
– வாசகி, காரைக்குடி

சனிக்கிழமை அவர்களுடைய மதியம் 3 மணி ஆட்டம் நமக்கு இரவு 7:30. அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் மார்ச் கடைசி ஞாயிறு வரை 8:30. வார நாள் ஆட்டம் நள்ளிரவு தாண்டி 12:15 அல்லது 1:15, மறுநாள் அலுவலகம் உள்ளவர்களுக்குச் சரிப்படாது. கடைசி நாளில் 12 ஆட்டமும் ஒரே நேரத்தில் ஆரம்பிக்கும். 2025 மே 3இல் அது நமக்கு மாலை 5 மணி. அன்று ஹல் போர்ட்ஸ்மத்தில் 1–1 டிரா, லூட்டன் வெஸ்ட் பிராமில் 5–3 தோல்வி. இரண்டுக்கும் 49 புள்ளி. கோல் வித்தியாசத்தில் ஹல் தப்பியது. இரண்டு போன் வைத்துக்கொண்டு பாருங்கள்.