மோசடித் தடுப்புக்கு எவ்வளவு விவரம் போதும்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: புதிய கைப்பேசியிலிருந்து பணம் செலுத்த முயன்றபோது வங்கி கூடுதல் சரிபார்ப்பு கேட்டது. கருவி மாறியது அவர்களுக்கு எப்படித் தெரிந்தது? இது வேவு பார்ப்பதாகாதா?

பதில்: அட்டை எண்ணை நீங்கள் உள்ளிடும் வேளையிலேயே உலாவியின் வகை, மொழி, திரை அளவு, நேர மண்டலம், ஐ.பி. முகவரி முதலியவை திரட்டப்பட்டு அட்டை வழங்கிய வங்கிக்குச் செல்கின்றன. இணையவழி அட்டைக் கட்டணங்களைச் சரிபார்க்கும் 3டி செக்யூர் நெறிமுறையின் இரண்டாம் தலைமுறை இத்தகைய விவரங்களைக் கொண்டே இயங்குகிறது. அவை உங்கள் வழக்கத்தோடு ஒத்துப்போனால் ஓ.டி.பி. கேட்காமலேயே வங்கி அனுமதிக்கக்கூடும். உங்கள் பணத்தைக் காக்க மட்டும் இவை பயன்படும்வரை இதை வேவு என்று நான் சொல்லமாட்டேன். அதே விவரம் விளம்பரப் பிரிவுக்கும் கைமாறுகிறதா என்பதைத் தனியுரிமை அறிக்கையில் தேடிப் பாருங்கள்.

கேள்வி: எங்களுடையது சிறிய இணைய அங்காடி. அட்டை எண்களை ஹாஷ் செய்து, அதாவது நேரடியாகத் திருப்பிப் பெற முடியாத குறியீடாக மாற்றி, வைத்துக்கொண்டால் பழைய மோசடிகளோடு ஒப்பிடவும் முடியும், தனியுரிமையும் கெடாது என்கிறார் எங்கள் மென்பொருள் பொறியாளர். சரிதானா?

பதில்: ஒப்பிட முடியும் என்பது சரி, தனியுரிமை கெடாது என்பதுதான் தவறு. 16 இலக்க எண்ணில் முதல் 6 இலக்கங்கள் வழங்கிய நிறுவனத்தைச் சுட்டுபவை, கடைசி 4 ரசீதிலேயே இருப்பவை. மீதமுள்ள 6 இலக்கங்களுக்கு 10 லட்சம் சாத்தியங்கள்தாம் உண்டு. எண்ணில் பிழை உண்டா என்று கடைசி இலக்கத்தைக் கொண்டு சோதிக்கும் லூன் சரிபார்ப்பு விதியைப் பொருத்தினால் அது 1 லட்சமாகச் சுருங்கிவிடும். தரவுத்தளத்தைத் திருடியவர் அத்தனையையும் ஹாஷ் செய்து பார்த்து மூல எண்ணைக் கண்டுபிடிக்கச் சாதாரண மடிக்கணினியே போதும். கைப்பேசி எண்ணும் இப்படித்தான்: 10 இலக்கம் என்றால் அதிகபட்சம் 1,000 கோடி, கணினிக்கு அது பெரிய எண்ணே அன்று.

ஆகவே இரகசியச் சாவி சேர்த்த ஹாஷ் முறையைக் கையாண்டு, அந்தச் சாவியைத் தரவுத்தளத்துக்கு வெளியே தனியிடத்தில் வையுங்கள், அட்டைத் தரவுப் பாதுகாப்புக்கான பி.சி.ஐ. டி.எஸ்.எஸ். தரநிலையின் 4ஆம் பதிப்பும் அட்டை எண்ணுக்குச் சாவியுள்ள ஹாஷையே கோருகிறது. என்னைக் கேட்டால், உங்கள் அளவிலான அங்காடி அட்டை எண்ணைத் தொடாமலிருப்பதே நல்லது. கட்டண நுழைவாயில் (பணத்தை வசூலித்துத் தரும் இடைச்சேவை) அட்டை எண்ணுக்குப் பதிலாகத் தரும் டோக்கன் எனும் மாற்றுக் குறியீட்டை வைத்தே, ஒரே அட்டை திரும்பத் திரும்ப வருகிறதா என்பதைப் பெரும்பாலும் அறிந்துவிடலாம்.

கேள்வி: அடிக்கடி வாங்குபவர்களின் வசதிக்காக சி.வி.வி. எனும் அட்டைப் பாதுகாப்பு எண்ணைக் குறியாக்கம் செய்து சேமிக்கலாமா?

பதில்: கூடாது. பரிவர்த்தனைக்கு அனுமதி கிடைத்தபின், குறியாக்கம் செய்தும்கூட, வணிகர் அதை வைத்திருப்பதை மேற்சொன்ன தரநிலை தடை செய்கிறது.

கேள்வி: மோசடியைக் கண்டறியும் எங்கள் கணினி மாதிரி (மாடல்) 99 சதவீதம் துல்லியமானது. அதை இன்னும் கூர்மையாக்க வாடிக்கையாளரின் இருப்பிட வரலாற்றையும் தொடர்புப் பட்டியலையும் கேட்க மேலாளர் விரும்புகிறார். உங்கள் கருத்து?

பதில்: முதலில் அந்த 99ஐப் பிரித்துப் பார்ப்போம். 10,000 பரிவர்த்தனைகளில் 10 மோசடிகள் இருப்பதாகவும், மோசடியானவை, நேர்மையானவை என இரு தரப்பிலும் நூற்றுக்கு ஒன்றுதான் மாதிரி தவறுவதாகவும் வைத்துக்கொண்டால், ஏறத்தாழ 10 மோசடிகளோடு சுமார் 100 நேர்மையான வாடிக்கையாளர்களும் சிக்குவார்கள். சிக்கியவர்களை நேரடியாக நிராகரிக்காமல், கூடுதல் சரிபார்ப்புக்கோ மனிதப் பரிசீலனைக்கோ அனுப்புவதற்குச் செலவிடும் பணம், தொடர்புப் பட்டியலைத் திரட்டுவதைவிட அதிகப் பலன் தரும் என்பதே என் கணிப்பு. மேலாளரைச் சமாதானப்படுத்த ஒரு வழி உண்டு. ஏற்கெனவே திரட்டும் விவரங்களில் ஒன்றை நீக்கி, பழைய பரிவர்த்தனைகளின்மேல் மாதிரியை மீண்டும் ஓட்டிப் பாருங்கள். முடிவுகள் அசையவில்லையெனில் அதைத் திரட்டுவதையே நிறுத்திவிடலாம். இந்தச் சோதனையைத் தாமாக முன்வந்து செய்பவர்கள் குறைவு என்றே நினைக்கிறேன்!

கேள்வி: பணம் திரும்பக் கோரிய தகராறு நிலுவையில் உள்ள ஒருவர், தம் தரவு முழுவதையும் அழிக்கச் சொல்கிறார். அழிக்க வேண்டுமா?

பதில்: முழுவதையும் அன்று. 2018இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜி.டி.பி.ஆர். தரவுப் பாதுகாப்புச் சட்டம் அழிப்புரிமையை வரம்பற்றதாக வைக்கவில்லை. மோசடித் தடுப்பை, தரவைக் கையாள அனுமதிக்கும் நியாயமான நலனாகவும் ஏற்கிறது, ஆனால் கண்டிப்பாகத் தேவையான அளவுக்கு மட்டும். உங்கள் நாட்டுச் சட்டத்தையும் பார்த்துக்கொண்டு, தகராறுக்குரிய பரிவர்த்தனைச் சான்றுகளை முடிவுதேதி குறித்துத் தனியே ஒதுக்குங்கள். அவர் பார்த்த பொருட்களின் வரலாறு, விருப்பப் பட்டியல், விளம்பரக் குறிப்புகள் ஆகியவற்றை இப்போதே அழியுங்கள்; அவற்றின் காப்பு நகல்கள் எந்த நாளில் அழியும் என்பதையும் அவருக்கு எழுதித் தெரிவியுங்கள்.