முச்சக்கரவண்டிப் பயணமும் சேரும் பணமும்

அக்காவின் மகனுக்குச் சென்னையில் இருதய சத்திரசிகிச்சை செய்வதற்காக, இலங்கையின் கிழக்கே பொத்துவிலிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை முச்சக்கரவண்டியில் சென்று நிதி திரட்டி, அதை உங்கள் சொந்த வங்கிக் கணக்கிலேயே சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். சேர்க்க வேண்டாம் என்பதே என் கருத்து. பஸ் தரிப்பிடங்களில் உண்டியல் குலுக்குவோரைப் பார்த்துச் சலித்துப்போன சனம் முதலில் கேட்கப்போவது கணக்கைத்தான். ஆகவே, பிள்ளையின் பெற்றோரும் ஊரறிந்த ஒருவரும் கூட்டாகக் கையெழுத்திடும் தனிக் கணக்கொன்றைத் திறந்து, வைத்தியசாலை தந்த செலவு மதிப்பீட்டுக் கடிதத்தின் பிரதியை, தனிப்பட்ட விபரங்களை மறைத்து, வண்டியின் பின்புறத்தில் ஒட்டுங்கள். வெளிநாட்டுச் சிகிச்சைக்கான பணத்தை வைத்தியசாலையின் கணக்கிற்கே வங்கியூடாக அனுப்பலாம். அதற்கு வேண்டிய ஆவணங்களைப் புறப்படுமுன்பே வங்கியில் கேட்டுவிடுங்கள். தெருவில் பணம் சேர்ப்பதற்கான அனுமதி பற்றிப் பிரதேச செயலகத்திலும் பொலிஸிலும் விசாரியுங்கள்.

பாதை சிக்கலானதல்ல. அக்கரைப்பற்று, கல்முனை, மட்டக்களப்பு என ஏ4 வீதியில் வந்து, ஏ15 வழியாகத் திருக்கொண்டியடிமடுவை அடைந்து, ஏ11 இல் பொலன்னறுவை, ஹபரணை கடந்து மரதன்கடவலையில் ஏ9 ஐப் பிடித்தால் யாழ்ப்பாணம் வரை நேர்வழிதான். மின்னேரியாப் பக்கம் யானை வீதிக்கு வரும் என்பதால் பொழுது சாய்ந்தபின் அங்கே ஓட வேண்டாம். முச்சக்கரவண்டிக்கு மணிக்கு 40 கிலோமீற்றரே வேக எல்லை. நாட்களை அதற்கேற்பக் கணக்கிடுங்கள். கிளட்ச் கேபிள் ஒன்றும் ஸ்பார்க் பிளக் ஒன்றும் மேலதிகமாக வைத்திருங்கள். சத்திரசிகிச்சைத் திகதி இடங்கொடுத்தால், நவம்பர் முதல் ஜனவரி வரையான மாரி மழையைத் தவிர்த்துப் புறப்படுங்கள்.