விலை குறைந்த ஊஞ்சல் வாங்கும் முன்: அடிபட்டால் யார் பொறுப்பு?

கேள்வி: எங்களுக்கு மூன்றும் ஐந்தும் வயதுள்ள இரண்டு பிள்ளைகள். வீட்டின் பின்புறத்தில் ஓர் ஊஞ்சல் செட் வைக்க விரும்புகிறோம். அதிகம் செலவழிக்க இயலாது. இணையத்தில் மிகக் குறைந்த விலைக்குப் புதிய செட் கிடைக்கிறது. தெரிந்த குடும்பம் ஒன்று பழைய மர ஊஞ்சலை விற்க முன்வந்துள்ளது. வெல்டிங் பட்டறையில் இரும்புக் குழாயில் செய்து வாங்கவும் வழி உண்டு. சட்டப்படி எது பாதுகாப்பானது? பக்கத்து வீட்டுக் குழந்தைகளும் வந்து ஆடுவார்கள். அவர்களில் ஒருவருக்கு அடிபட்டால் நாங்கள் பொறுப்பேற்க வேண்டுமா? ‘நாங்கள் பொறுப்பல்ல’ என்று பெற்றோரிடம் எழுதி வாங்கிக்கொண்டால் போதுமா? நாங்கள் இருப்பது வாடகை வீடு.

பதில்: எந்த நாட்டில் வசிக்கிறீர்கள் என்பதைத் தாங்கள் குறிப்பிடவில்லை. ஆயினும் தாங்கள் கேட்டிருப்பவற்றுக்கு இந்தியா, மலேசியா, சிங்கப்பூர், இங்கிலாந்து ஆகிய நாடுகளின் சட்டங்கள் பெரும்பாலும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பதால், பொதுவான நிலையைச் சொல்லி, வேறுபடும் இடங்களை மட்டும் சுட்டிக்காட்டுகிறேன்.

முதலில் விலையைப் பற்றி. ‘இந்த விலைக்கு இவ்வளவுதான் வரும்’ என்று விற்பவர் சொல்வதில் சட்டப்படி ஓரளவு உண்மை இருக்கிறது. இங்கிலாந்தின் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம், பொருளின் தரம் திருப்திகரமானதா என்று பார்க்கும்போது அதன் விலையையும் கணக்கில் எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. ஆகவே ஒரு மழைக்காலத்திலேயே பெயிண்ட் மங்கிவிட்டது என்று மலிவான ஊஞ்சலின் மீது புகார் கொடுத்தால் அது எடுபடாமல் போகலாம். ஆனால் அதே சட்டம் தரத்தின் கூறுகளை வரிசைப்படுத்தும்போது பாதுகாப்பையும் தனியே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. இருபது கிலோ எடையுள்ள குழந்தைக்கென்று விற்கப்பட்ட ஊஞ்சலின் சங்கிலி அந்தக் குழந்தை உட்கார்ந்ததும் கழன்று விழுந்தால், விலை குறைவு என்பதை அதற்குச் சமாதானமாக எந்த நீதிமன்றமும் ஏற்காது. எனவே பணம் குறைவாக இருப்பவர் அழகிலும் அளவிலும் விட்டுக்கொடுக்கலாமே தவிர, பொருளுக்குப் பின்னால் பெயரும் முகவரியும் உள்ள ஒருவர் நிற்கிறாரா என்பதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

இணையத்தில் விற்கும் செட்டை இந்த நோக்கில்தான் பார்க்க வேண்டும். தயாரிப்பாளரிடம் நேரடியாக வாங்காவிட்டாலும், பொருளைக் கடைசியில் பயன்படுத்துபவருக்கு அவர் கவனக் கடமை (பிறருக்குத் தீங்கு நேராதபடி கவனமாக நடக்க வேண்டிய சட்டக் கடமை) உடையவர் என்பது 1932-இல், அன்று இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றமாக இருந்த இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை, பாட்டிலில் நத்தை கிடந்ததாகச் சொல்லப்பட்ட இஞ்சிப் பான வழக்கில் வகுத்த விதி. இன்று சட்டம் அதையும் தாண்டி வந்துவிட்டது. இந்தியாவின் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 84-ஆம் பிரிவின்படி, தயாரிப்பில் பிழை, வடிவமைப்பில் பிழை, கொடுத்த வெளிப்படையான உறுதிமொழியிலிருந்து வழுவுதல், பயன்படுத்தும் முறையையும் எச்சரிக்கையையும் போதிய அளவு தெரிவிக்காமை ஆகியவற்றால் தீங்கு நேர்ந்தால் தயாரிப்பாளர் இழப்பீடு தர வேண்டும். வெளிப்படையான உறுதிமொழி விஷயத்தில், தன்னிடம் கவனக்குறைவு இல்லை என்று நிரூபித்தும் அவர் தப்ப முடியாது. தயாரிப்பாளர் யாரென்றே தெரியாத நிலையில் விற்பனையாளரே அந்தப் பொறுப்பைச் சுமக்க வேண்டும் என்கிறது 86-ஆம் பிரிவு. இங்கிலாந்தின் 1987-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் ஏறக்குறைய இதே ஏற்பாடு உண்டு.

படிக்க நன்றாக இருக்கிறது. நடைமுறையில், விற்பனையாளரின் பெயர் பொருளற்ற ஏழெட்டு எழுத்துகளாகவும் முகவரி எங்கோ ஒரு கிடங்காகவும் இருந்தால், அந்த முகவரிக்கு அனுப்பிய நோட்டீஸ் பிரிக்கப்படாமலே திரும்பி வந்துவிடும். ஆகவே தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் முழு முகவரி தங்கள் நாட்டுக்குள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடுத்ததாகத் தர நிர்ணய எண்ணைத் தேடுங்கள். வீட்டு உபயோகத்துக்கான ஊஞ்சல், சறுக்கு போன்றவற்றுக்கென்றே ஐ.எஸ்.ஓ. 8124 தரத்தின் நான்காம் பகுதி எழுதப்பட்டிருக்கிறது. இந்தியாவில் அதற்கு இணையானது ஐ.எஸ். 9873 தரத்தின் நான்காம் பகுதி. 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கான தரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் இது கட்டாயம். ஐரோப்பாவில் ஈ.என். 71-இன் எட்டாம் பகுதி, அமெரிக்காவில் ஏ.எஸ்.டி.எம். எஃப் 1148. விற்பனைப் பக்கத்தில் இவற்றில் எதுவுமே இல்லாமல் ‘உயர்தரம், மிக உறுதியானது’ என்று மட்டும் இருந்தால் அந்தச் செட்டை விட்டுவிடுங்கள்.

எத்தனை கிலோ தாங்கும், எந்த வயதுக்கு உரியது, எத்தனை பேர் ஒரே நேரத்தில் ஆடலாம் என்று எழுதியிருப்பவை சட்டத்தின் பார்வையில் வெளிப்படையான உறுதிமொழிகள். பணம் செலுத்துவதற்கு முன்பே அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விபத்துக்குப் பிறகு பார்த்தால் அந்தப் பக்கம் மாறியிருக்கும், அனுபவத்தில் சொல்கிறேன்.

பெட்டி வந்ததும் பிரிப்பதை வீடியோ எடுங்கள். பிறகு சங்கிலியை மேற்குழாயோடும் இருக்கையோடும் இணைக்கும் எஸ் வடிவக் கொக்கிகளைக் கையில் எடுத்துப் பாருங்கள். அவற்றின் வாய் முழுமையாக மூடியிருக்க வேண்டும். இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் சங்கிலி நழுவவும் குழந்தையின் உடை மாட்டவும் வாய்ப்புண்டு. வழக்கறிஞரான என்னிடம் வழக்குக்காக வந்த ஒரு கட்சிக்காரர், கழன்று விழுந்த கொக்கியைத் தேதி எழுதிய பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்தார். அதன் வாயில் என் கட்டைவிரல் நகம் எளிதாக நுழைந்தது. அந்தக் கொக்கியை மேசை மீது வைத்த பிறகு எதிர்த்தரப்பு அதிகம் பேசவில்லை, சமரசத்துக்கு வந்துவிட்டது. வேறொருவர் உடைந்த இருக்கையைக் குப்பையில் போட்டுவிட்டு வந்தார். அவருடைய புகாரும் உண்மையாகவே இருந்திருக்கலாம். நிரூபிக்க எங்களிடம் எதுவும் இல்லை.

பொருத்தும் வேலையில்தான் பெரும்பாலான பெற்றோர் தங்களை அறியாமலே சட்டப் பாதுகாப்பை இழக்கிறார்கள். பொருளைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தாலோ மாற்றி அமைத்திருந்தாலோ விற்பனையாளர் மீது வழக்குத் தொடர முடியாது என்கிறது இந்தியச் சட்டத்தின் 87-ஆம் பிரிவு. பெட்டியில் வந்த போல்ட் நீளம் போதவில்லை என்று வீட்டில் கிடந்ததைப் போடுவது, ஒரே சட்டகத்தில் மூன்றாவது ஊஞ்சலைத் தொங்கவிடுவது, தரையில் பதிக்கும் நங்கூரக் கம்பிகளை ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று பெட்டியிலேயே விட்டுவிடுவது ஆகிய ஒவ்வொன்றும் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்குத் தாங்களே எழுதிக் கொடுக்கும் பதிலுரை. விற்பவரே ஆள் அனுப்பிப் பொருத்தித் தருகிறார் என்றால், சற்றே கூடுதல் கட்டணமானாலும் அதை ஏற்றுக்கொள்வது நல்லது. தவறாகப் பொருத்தியதன் விளைவும் அப்போது அவரைச் சேரும்.

பழைய மர ஊஞ்சலுக்கு வருவோம். தனி நபர் தம் வீட்டுப் பொருளை விற்கும்போது தரத்துக்கான மறைமுக உத்தரவாதம் (யாரும் எழுதித் தராமலே சட்டம் தானாகச் சேர்ப்பது) பொதுவாக எழாது. இந்தியாவின் 1930-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவும், இலங்கையின் 1896-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைக் கட்டளைச் சட்டமும் அந்த உத்தரவாதத்தை அவ்வகைப் பொருளை வியாபாரமாக விற்பவர் மீதே சுமத்துகின்றன. தெரிந்த குடும்பம் என்பதால் மரம் உளுத்திருப்பதைத் தெரிந்தே மறைக்க மாட்டார்கள் என்று நம்பலாம். மறைத்திருந்தால் அது மோசடி. ஆனால் அவர்களுக்கே தெரியாத குறைக்கு அவர்களைக் கேட்க முடியாது. மரத்தின் வயதையும் விசாரியுங்கள். கரையான் அரிக்காமல் இருக்க ஆர்செனிக் கலந்த குரோமியச் செப்பு மருந்து ஏற்றிய மரம் ஒரு காலத்தில் வீட்டு விளையாட்டுச் சாதனங்களில் பரவலாகப் பயன்பட்டது. அமெரிக்காவில் 2003-ஆம் ஆண்டின் இறுதியோடு வீட்டு உபயோகத்துக்கு அதைத் தயாரிப்பது நிறுத்தப்பட்டது. அந்தக் காலத்து மரம் என்றால், கையை வாயில் வைக்கும் வயதுக் குழந்தைகள் உள்ள வீட்டுக்கு அது இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம் என்பேன். மாதிரி எண் தெரிந்தால், பாதுகாப்புக் குறையால் அது திரும்பப் பெறப்பட்டதா என்றும் தேடிப் பாருங்கள். திரும்பப் பெறப்பட்ட பொருளை மறுபடி விற்பதையே அமெரிக்கச் சட்டம் தடை செய்கிறது.

பட்டறையில் செய்து வாங்குவதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. நல்ல வெல்டர் செய்த சட்டகம் பெட்டியில் வரும் மெல்லிய குழாயைவிட உறுதியாக இருக்கும். சட்டச் சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ‘இந்த நோக்கத்துக்குப் பொருத்தமாக இருக்க வேண்டும்’ என்ற நிபந்தனை எழ வேண்டுமானால், நோக்கத்தைத் தெரிவித்து, விற்பவரின் திறமையை நம்பி வாங்கியிருக்க வேண்டும். தாங்களே படம் வரைந்து, குழாயின் கனத்தையும் தாங்களே சொல்லிக் கொடுத்துவிட்டால், வடிவமைப்பின் பிழை தங்களுடையதாகிவிடும். வெல்டிங் விட்டுப்போனால் மட்டுமே அவரைக் கேட்கலாம். எனவே ‘மூன்று, ஐந்து வயதுக் குழந்தைகள் இருவர் ஆடுவதற்கு, இன்ன எடை தாங்கும்படி’ என்று ஆர்டர் ரசீதில் எழுதச் சொல்லி, மற்றவற்றை அவர் பொறுப்பில் விடுங்கள். அப்படி எழுதித் தரத் தயங்கும் பட்டறையின் தயக்கத்தையே ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

இனி, பக்கத்து வீட்டுக் குழந்தைகள். தங்கள் அனுமதியோடு வந்து ஆடும் குழந்தைக்குத் தாங்கள் கவனக் கடமை உடையவர்கள் என்பதில் ஐயமில்லை. பெரியவர்களைவிடக் குழந்தைகள் கவனக்குறைவாகவே இருப்பார்கள் என்பதை இடத்தை வைத்திருப்பவர் எதிர்பார்த்தே நடக்க வேண்டும் என்கிறது இங்கிலாந்தின் 1957-ஆம் ஆண்டுச் சட்டம். அதற்காக நொடி விடாமல் காவல் நிற்க வேண்டும் என்றும் சட்டம் கேட்கவில்லை. அங்கே பிறந்தநாள் விருந்துக்காக வாடகைக்கு எடுத்த, குழந்தைகள் ஏறிக் குதிக்கும் காற்றடைத்த கோட்டையில், குட்டிக்கரணம் போட்ட பதினைந்து வயதுச் சிறுவனின் கால் பட்டு, பதினொரு வயதுச் சிறுவனுக்குத் தலையில் கடுமையான காயம் ஏற்பட்டது. விசாரணை நீதிமன்றம் விருந்து வைத்த பெற்றோரைப் பொறுப்பாக்கியது; 2008-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றி, நியாயமான கவனமுள்ள பெற்றோர் செய்திருக்கக் கூடியதே அளவுகோல் என்றும், இடைவிடாத கண்காணிப்பு தேவையில்லை என்றும் தீர்ப்பளித்தது.

அந்த நியாயமான பெற்றோர் ஊஞ்சலை எப்படி வைத்திருப்பார் என்று நீதிமன்றம் கேட்கும்போது, அச்சில் உள்ள பாதுகாப்பு வழிகாட்டிகளே எடுத்துக் காட்டப்படும். அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் வீட்டு விளையாட்டுச் சாதனக் கையேட்டின்படி சாதனத்தைச் சுற்றிலும் 1.8 மீட்டர் வெற்றிடம் வேண்டும். ஊஞ்சலுக்கு முன்னும் பின்னும், அது தொங்கும் குழாயின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு இடம் வேண்டும். குழாய் இரண்டு மீட்டர் உயரத்தில் இருந்தால் முன்பக்கம் நான்கு, பின்பக்கம் நான்கு, ஆக எட்டு மீட்டர். பல வீடுகளின் பின்புறம் அவ்வளவு நீளமே இருக்காது. அதனால்தான் உயரம் குறைந்த செட்டை வாங்கச் சொல்கிறேன். விலையும் குறையும், தேவைப்படும் இடமும் குறையும், விழும் தூரமும் குறையும். அடியில் சிமெண்ட் தரை கூடவே கூடாது. புல்தரையும் வெறும் மண்ணும்கூடப் போதிய மெத்தையாகக் கருதப்படுவதில்லை; மரச் சீவல் போன்றவற்றைச் சுமார் 23 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நிரப்ப வேண்டும். செட்டின் விலையைப் பேசும்போதே இந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். மரப்பலகை அல்லது இரும்பு இருக்கைக்குப் பதிலாக ரப்பர் போன்ற மென்மையான இருக்கையைத் தேர்ந்தெடுங்கள். குறுக்கே ஓடி வரும் குழந்தையின் நெற்றியில் படுவது பெரும்பாலும் இருக்கையின் விளிம்புதான்.

எழுதி வாங்கும் தாளைப் பெரிதாக நம்ப வேண்டாம். குழந்தைக்கு உள்ள இழப்பீட்டு உரிமையைப் பெற்றோர் முன்கூட்டியே விட்டுக்கொடுத்து எழுதித் தருவதைப் பல நாடுகளின் நீதிமன்றங்கள் ஏற்பதில்லை. அதைவிட, காலையிலும் மாலையிலும் இந்த நேரத்தில்தான் ஆடலாம், பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும் என்று அந்தப் பெற்றோருக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பி, மற்ற நேரத்தில் ஊஞ்சலைக் கழற்றி உள்ளே வைத்துவிடுவது தங்களுக்கு நல்ல சாட்சியமாக இருக்கும். சிறார்களுக்கு வழக்குத் தொடரும் காலவரம்பு பொதுவாக அவர்கள் வயதுக்கு வந்த பிறகே ஓடத் தொடங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். இங்கிலாந்தில் மூன்று வயதில் அடிபட்ட குழந்தை தன் இருபத்தோராம் பிறந்தநாள் வரை வழக்குத் தொடரலாம். எனவே பில், கையேடு, பொருத்திய அன்று எடுத்த படங்கள் ஆகியவற்றை ஊஞ்சல் போன பிறகும் வைத்திருங்கள். வீட்டுக் காப்பீடு இருந்தால், மூன்றாம் நபருக்கான பொறுப்பு அதில் அடங்குமா என்று காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பொருளின் மீது புகார் செய்ய வேண்டி வந்தால் காலம் தாழ்த்தாதீர்கள். இந்தியாவில் நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்ல இரண்டு ஆண்டுகள் உள்ளன. தாங்கள் வசிக்கும் இடத்திலேயே புகாரைத் தாக்கல் செய்யலாம். இங்கிலாந்தில் குறையுள்ள பொருளைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் பெற முதல் 30 நாட்களே உண்டு. அதன் பிறகு பழுது நீக்குதல் அல்லது மாற்றுப் பொருள்தான் முதலில் கிடைக்கும்.

தாங்கள் சொன்ன மூன்றில், தர எண்ணும் உள்நாட்டு முகவரியும் உள்ள, உயரம் குறைந்த, இரண்டே இருக்கைகள் கொண்ட புதிய செட் கிடைத்தால் அதையே வாங்குங்கள். கிடைக்காவிட்டால் எழுத்து ஆர்டரோடு பட்டறைக்குச் செல்லுங்கள். பழைய மர ஊஞ்சலுக்கு நான் சம்மதம் சொல்ல மாட்டேன்.

வாடகை வீடு என்பதால் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. கால்களைக் கான்கிரீட்டில் பதித்துவிட்டால், அது நிலத்தோடு சேர்ந்துவிட்டது, வீட்டைக் காலி செய்யும்போது எடுத்துச் செல்லக் கூடாது என்று உரிமையாளர் வாதிட இடமுண்டு. தோட்டத்தைச் சேதப்படுத்தியதாக முன்பணத்தில் பிடித்துக்கொள்ளவும் கூடும். ஊஞ்சல் நிறுவ அனுமதிக்கிறேன், காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு குழிகளை மூடித் தர வேண்டும் என்று அவரிடம் இரண்டு வரி எழுதி வாங்குங்கள். அந்தத் தாள் கைக்கு வந்த பிறகு குழி தோண்டலாம்.