ஐம்பது வரை சொல்கிறாள், ஆறு எடுக்கத் தெரியவில்லை

கேள்வி: நாலரை வயது மகள் ஐம்பது வரை கடகடவென்று சொல்கிறாள். "ஆறு புளியங்கொட்டை எடு" என்றால் கைக்கு வந்ததை அள்ளுகிறாள். எழுதவைத்துப் பழக்கலாமா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: எழுத்து இப்போது வேண்டாம். அவளுக்குத் தெரிந்தது எண்களின் பாட்டுதான். ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்ற பொருத்தம் இன்னும் கைக்கு வரவில்லை. அதற்குப் பல்லாங்குழியைவிடத் தோதான விளையாட்டு இல்லை. ஆனால் 14 குழியையும் முதல் நாளே கொடுத்தால் குழம்பிவிடுவாள். ஆறு முட்டை வைக்கும் அட்டைப்பெட்டி போதும். குழிக்கு மூன்று காய், மொத்தம் 18. ஒரு குழியை அள்ளி, அடுத்த குழியிலிருந்து ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே போடட்டும்.

பிசகுவது பெரும்பாலும் விரலிடுக்கில்தான்: இரண்டு காய் சேர்ந்து விழும், வாய் ஒன்றுதான் சொல்லும். "தப்பு" என்று நிறுத்தாதீர்கள். உங்கள் முறை வரும்போது 'டொக்' 'டொக்'கென்று சத்தம் கேட்க மெதுவாகப் போட்டுக் காட்டுங்கள். போட்டு முடித்ததும் "எத்தனை போட்டாய்?" என்று கேளுங்கள். மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினால், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது இன்னும் பிடிபடவில்லை என்று பொருள். அவசரமில்லை, சில வாரங்கள் போகட்டும். தினம் பத்து நிமிடம் ஆடினால் போதும்.

காய்க்குப் புளியங்கொட்டையோ சோழியோ எடுங்கள். குன்றிமணி கூடவே கூடாது, அது நஞ்சு. வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் எந்தக் காயும் தொண்டையில் அடைக்கும். ஆட்டம் முடிந்ததும் 18-ம் டப்பாவுக்குத் திரும்பியதா என்று அவளையே எண்ணச் சொல்லுங்கள்.